பல்லாவரத்துக்கு ஒரு டிக்கெட்

கேள்வி: எனக்கு 29 வயது. சிறு வயதிலிருந்தே திக்குவாய். ‘பல்லாவரம்’ என்று சொல்ல வராமல், பேருந்தில் அதைத் தாண்டியுள்ள ‘குரோம்பேட்டை’ என்று டிக்கெட் வாங்கி, பல்லாவரத்தில் இறங்கிக்கொள்கிறேன். அலுவலகக் கூட்டத்தில் பெயர் சொல்லும் முறை நெருங்கினாலே வியர்த்துவிடுகிறது. பழைய கிரேக்கரின் ஸ்டோயிக் தத்துவத்தைப் படித்தால் சரியாகும் என்கிறான் நண்பன். அப்பாவோ, கூழாங்கல்லை வாயிலிட்டுப் பேசிப் பழகிய பழங்கால கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸின் கதையைச் சொல்கிறார். தத்துவம் திக்குவாயைத் தீர்க்குமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: தீர்க்காது. தீரும் என்று நம்பிப் படித்தால் பத்தாம் நாள் புத்தகத்தோடு உங்களையும் சேர்த்து வெறுப்பீர்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திக்கல், பேச்சை மூளை இயக்கும் விதத்தோடும், பலருக்கு மரபணுக்களோடும் தொடர்புடையது. துணிச்சல் குறைவதால் வருவதன்று. பெரியவர்களில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு அது உண்டு. கூழாங்கல் கதையைப் பழங்கால வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதிவைத்திருப்பது உண்மைதான் என்றாலும், அதை முயல வேண்டாம். கல் தொண்டையில் சிக்கினால் விபரீதம்.

ஆனாலும் உங்கள் நண்பரை நான் தள்ளிவிட மாட்டேன். ரோமில் அடிமையாக இருந்து, ஊனமுற்ற காலோடு வாழ்ந்து, பிற்காலத்தில் நிக்கோபொலிஸில் பாடம் நடத்திய ஸ்டோயிக் தத்துவஞானி எபிக்டெடஸ், உலகில் உள்ளவற்றை நம் கையில் இருப்பவை, இல்லாதவை என இரண்டாகப் பிரித்தார். திக்கிப் பேசுபவர்கள் இதைப் படிக்கும்போது, தடையற்ற பேச்சை ‘நம் கையில்’ என்ற பக்கத்தில் எழுதிவிடுவதுதான் சிக்கல். அது மறுபக்கத்துக்கு உரியது. கண்டக்டர் பொறுமையாக நிற்பாரா, பின்சீட்டுக்காரர் சிரிப்பாரா என்பவையும் அங்கேதான் சேரும். உங்கள் பக்கத்தில் மிஞ்சுவது மிகச் சிறியது: ‘ப’ உதட்டிலேயே ஒட்டிக்கொண்டு மூன்று நொடி நகராவிட்டாலும், பல்லாவரம் போக வேண்டியவர் ‘பல்லாவரம்’ என்றே சொல்லத் தொடங்குவது.

தாமே திக்கிப் பேசியவரான அமெரிக்க அறிஞர் ஜோசப் ஷீஹன், திக்குவாயைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார்: காதில் விழும் திக்கல் மேலே தெரியும் நுனி, அச்சமும் வெட்கமும் ஒளித்தலும் நீருக்கடியில். குரோம்பேட்டை டிக்கெட் முழுக்க முழுக்க நீருக்கடியில் இருப்பது. தத்துவத்துக்கு வேலை இருப்பதும் அங்கேதான்.

ஸ்டோயிக் மரபைத் தொடங்கிய ஜீனோவே கூச்ச சுபாவக்காரர். ஆசான் கிரேட்டிஸ் அவரிடம் ஒரு பானைப் பருப்புக் கஞ்சியைக் கொடுத்து, ஏதென்ஸின் கெரமைக்கோஸ் பகுதி வழியே சுமந்துவரச் சொன்னார். வெட்கப்பட்டுப் பானையை மறைக்க முயன்ற சீடனைக் கண்டதும் ஆசான் கைத்தடியால் அதை உடைத்துவிட்டார். காலெல்லாம் கஞ்சி வழிய ஜீனோ ஓட, “ஏன் ஓடுகிறாய்? உனக்குப் பயங்கரமாக எதுவும் நேர்ந்துவிடவில்லையே” என்றாராம். இன்று பேச்சுப் பயிற்சியாளர்கள் சிலர் தரும் ‘வேண்டுமென்றே திக்குதல்’ பயிற்சி எனக்கு இந்தப் பானையைத்தான் நினைவூட்டுகிறது: எளிதாக வரும் சொல்லையே கடைக்காரரிடம் மனமறிந்து திக்கிச் சொல்ல வேண்டும். அஞ்சியது நடந்தும் கடைக்காரர் சர்க்கரையைப் பொட்டலம் கட்டித் தருகிறார் என்பதை அச்சம் மெல்லக் கற்றுக்கொள்கிறது. பெரிய அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் பேச்சுப் பயிற்சியாளரைப் பற்றி விசாரித்து, அவர் துணையோடு இதைச் செய்யுங்கள்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. ‘நிகழ்வுகளல்ல, அவை பற்றிய எண்ணங்களே நம்மை வருத்துகின்றன’ என்ற எபிக்டெடஸின் கருத்தை உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் தம் சிகிச்சைக்கு அடித்தளமாகக் கொண்டார்; பதற்றத்துக்கு அது பயன்படுகிறது. ஆனால் நேர்காணலில் ஒருவர் உங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தால், அது அவருடைய தவறேயன்றி உங்கள் எண்ணக் கோளாறு அன்று. ஸ்டோயிக்குகளும் உத்தமர்கள் அல்லர்: திக்கிப் பேசிய ரோமப் பேரரசர் கிளாடியஸ் இறந்த பின், அவருடைய பேச்சையும் கேலி செய்த நையாண்டியை எழுதியவராகக் கருதப்படுபவர் தத்துவஞானி செனெகாதான்.

கூட்டத்தில், “எனக்குத் திக்கல் உண்டு, சற்று நேரம் எடுப்பேன்” என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பெயரைத் தொடங்குங்கள். மறைக்க ஒன்றும் இல்லாதபோது வியர்வையும் குறையக்கூடும். பேருந்தைப் பொறுத்தவரை, இந்த வாரம் ஒரே ஒரு முறை, கூட்டம் குறைந்த பிற்பகலில் பல்லாவரம் கேளுங்கள். வீடு திரும்பியதும், எத்தனை நொடி திக்கினீர்கள் என்பதை விட்டுவிட்டு, எந்த ஊருக்கு டிக்கெட் கேட்டீர்கள் என்பதை மட்டும் குறித்துவையுங்கள்.