பலகைப் போர்: வாசகர் கேள்வி – பதில்

ரிச்சர்ட் போர்க் வடிவமைத்து 2010-இல் வெளிவந்த ‘கமாண்ட்ஸ் அண்ட் கலர்ஸ்: நெப்போலியானிக்ஸ்’ என்ற, நெப்போலியன் காலப் போர்களை இருவர் மரக்கட்டை, அட்டை, பகடை கொண்டு ஆடும் பலகையாட்டத்தைப் பற்றியே இந்த மாதம் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. மலையோரத்து ஊர்களில் மழைக்காலம் வந்துவிட்டது போலும்!

? வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஆளோடுதான் ஆடுகிறேன். அவர் எப்போதும் சிவப்புக் கட்டை (ஆங்கிலேயர்), நான் நீலம் (பிரெஞ்சு). தோற்றுத் தோற்று அலுத்துவிட்டது. ஆங்கிலேயர் பக்கம் இயல்பிலேயே பலம் அதிகமா? — வாசகர், செங்கோட்டை

பலம் அதிகமில்லை. வேறு வகைப் பலம், அவ்வளவுதான். நீங்கள் அவருக்குப் பிடித்த தூரத்தில் நின்றுகொண்டு அடி வாங்குகிறீர்கள்.

ஒரு படையில் எத்தனை கட்டையோ அத்தனை பகடை; எதிரிப் படையின் வகை விழுந்தால் அடி, ஒரு கட்டை போகும். பகடையின் ஆறு முகங்களைப் பாருங்கள்: காலாள் 2, குதிரை 1, பீரங்கி 1, கொடி (விழுந்தால் பின்வாங்கல்) 1, வாள் 1. தூரத்திலிருந்து சுடும்போது வாள் விழுந்தால் பயனில்லை. கைகலப்பில் மட்டுமே அது அடி. ஆகவே காலாட்படையைத் தூரத்திலிருந்து சுட்டால் ஒரு பகடைக்கு மூன்றில் ஒரு வாய்ப்பு. பக்கத்துக் கட்டத்துக்குப் போய் மோதினால் இரண்டில் ஒன்று.

இப்போது கணக்குப் போடுங்கள். 4 கட்டை கொண்ட ஆங்கிலேய லைன் (சாதாரண வகை) காலாட்படை நகராமல் நின்று சுட்டால் கூடுதலாக ஒரு பகடை சேர்ந்து 5. சராசரி அடி 1.7. உங்கள் பிரெஞ்சு லைன் படைக்கு எதிரிக் காலாட்படையோடு கைகலக்கும்போது ஒரு பகடை கூடுதல். அங்கும் 5 பகடைதான், ஆனால் சராசரி 2.5. அதே படை ஒரு கட்டம் நகர்ந்துவிட்டுத் தூரத்திலிருந்து சுட்டால் பாதிப் பலம், அதாவது 2 பகடை. அடி ஒன்றுகூடத் தேறாது. இரண்டு கட்டத் தொலைவில் போய் நின்று ‘பதிலுக்குச் சுடுவோம்’ என்று நினைப்பதுதான் உங்கள் தோல்வி.

ஒற்றைப் படையாக நெருங்காதீர்கள். வழியில் ஒரு முறை சுடுபட்டாலே பாதி கரைந்து, மோதும்போது கையில் 3 பகடை மிஞ்சும். இரண்டு மூன்று படைகள் தோளோடு தோளாகப் போகட்டும்; அவர் ஒன்றைச் சுடுவதற்குள் மற்றவை முழுப் பலத்தோடு பாயும். பீரங்கி எட்டும் தூரத்தில் இருந்து, அதே சுற்றில் அதற்கும் ஆணை கொடுத்திருந்தால், அதன் பகடைகளையும் மோதலோடு சேர்த்து உருட்டலாம்.

இன்னொன்று. வரலாற்றுப் போர்கள் சமமாக நடந்தவை அல்ல, பல காட்சிகளும் (ஆட்டத்தில் அமைக்கும் போர்க்களங்களும்) அப்படியே. ஒரே எதிராளி என்றால் ஒரே காட்சியைப் பக்கம் மாற்றி இரண்டு தடவை ஆடி, வெற்றிக் கொடிகளை (எதிரிப் படையை ஒழித்தால் கிடைக்கும் புள்ளிகளை) கூட்டுங்கள். முதலாட்டம் 3–5, மறுஆட்டம் 5–2 என்றால் மொத்தம் 8–7, நீங்கள் ஜெயித்தவர். அவர் சிவப்பை விட மறுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

? எதிராளியின் காலாட்படை சதுரம் கட்டிவிட்டால் (நான்கு பக்கமும் பார்த்து நெருங்கி நின்றால்) என் குதிரைப்படை வீணாகிறது. சதுரம் கட்டுகிறவருக்கு நஷ்டமே இல்லையா? — வாசகர், புளியரை

இருக்கிறது, அதை வசூலிக்கத்தான் நீங்கள் தவறுகிறீர்கள். குதிரை மோத வரும்போது காலாட்படை சதுரம் கட்டினால், குதிரைக்கு ஒரே பகடை; சதுரம் திருப்பி அடிப்பதும் ஒரே பகடை. ஆனால் கட்டியவரின் கையிலிருந்து ஒரு கட்டளை அட்டை (படைகளை நகர்த்த ஆடுவது), பார்க்காமல் உருவி, பலகையோரம் வைக்கப்படுகிறது. பக்கத்தில் எதிரிக் குதிரை நிற்கும்வரை அது திரும்பாது. பல வீடுகளில் அவரே பார்த்து, ஆகாத அட்டையாக எடுத்து வைக்கிறார்கள். அது தப்பு.

கையில் 5 அட்டை இருப்பவர் இரண்டு சதுரம் கட்டினால் மிச்சம் 3. பெருந்தாக்குதல் அட்டை, கையிலுள்ள அட்டைகளின் எண்ணிக்கையளவுதான் படைகளை நகர்த்தும். ஆக அதன் வீச்சும் 3-க்குச் சுருங்கிவிடும். அதனால் ஒரே சதுரத்தைத் திரும்பத் திரும்ப முட்டாமல், குதிரையைப் பக்கத்தில் நிறுத்தியே வையுங்கள். சதுரம் நகராது. பீரங்கியையும் காலாளையும் கொண்டுவர உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

1815 ஜூன் 18, வாட்டர்லூவில் மாலை 4 மணிவாக்கில் பிரெஞ்சுத் தளபதி மார்ஷல் நே ஆயிரக்கணக்கான குதிரைவீரர்களைப் போதிய காலாட்படைத் துணையின்றி அனுப்பினார். அலையலையாகப் போயும் ஒரு சதுரம்கூட உடையவில்லை. விதியில் உள்ள அந்த ஒற்றைப் பகடை சொல்வது இதைத்தான்.

? கொடி விழுந்தது, பின்னால் என் படையே நிற்கிறது, போக வழியில்லை. எதிராளி ‘கட்டையை எடு’ என்கிறார். நியாயமா? — வாசகர், குமுளி

நியாயம்தான். முதலில் அடிபட்ட கட்டைகளை எடுக்க வேண்டும், பிறகுதான் கொடி. லைன் காலாட்படைக்குக் கொடிக்கு ஒரு கட்டம், தன் பக்கத்து ஓரத்தை நோக்கி. போக முடியாத ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கட்டை இழப்பு. 2 கொடி, ஒரு கட்டம் மட்டும் காலி என்றால் ஒன்று பின்வாங்கி ஒன்றை இழக்க வேண்டும். இரண்டு வரிசையாக இடைவெளியின்றி அடுக்கினால் பார்க்க அழகு; பின்வரிசை முன்வரிசைக்குச் சுவராகிவிடும். பின்வரிசையை ஒன்றுவிட்டு ஒன்றாக நிறுத்துங்கள்.

? என் கையில் என்ன அட்டை இருக்கிறது என்று எதிரில் இருப்பவர் அப்படியே சொல்லிவிடுகிறார்! — வாசகர், தென்காசி

மந்திரமில்லை. பலகை இடம், நடு, வலம் என மூன்று பகுதி; பல அட்டைகள் ஒரு பகுதிப் படைகளை மட்டுமே நகர்த்தும். நான்கு முறை தொடர்ந்து நடுப்பகுதியையே நகர்த்தினால் இடம், வலம் இரண்டுக்கும் அட்டையில்லை என்று யாருக்கும் தெரியும். ஒரே ஒரு படையை நகர்த்தும் வேவு அட்டையை ‘சின்னது’ என்று கழிக்காதீர்கள். அதை ஆடினால் இரண்டு அட்டை எடுத்துப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம். பகுதிகளைப் பிரிக்கும் கோடு குறுக்கே ஓடும் கட்டத்தில் ஒரு படையை நிறுத்துங்கள். அதை இரு பகுதி அட்டையாலும் நகர்த்தலாம், ஊகமும் குழம்பும்.

? புனலூர்ச் சேட்டன் ரயிலில் வந்து ஆடிவிட்டு அன்றே திரும்புவார். பாதியில் நின்றுவிடுகிறது. — வாசகர், செங்கோட்டை

ஆட்டம் நீள்வதில்லை, அடுக்குவதுதான் நீள்கிறது. படைவகைக்கு ஒரு ஜிப் கவர் போட்டு, அவர் வருமுன்பே பலகையை நிரப்பிவிடுங்கள். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் நேர் மேலிருந்து ஒரு போட்டோ. இருவர் கை அட்டைகளையும் தனித்தனி உறையில் ஒட்டி வையுங்கள். அட்டைக் கட்டுக்கு ரப்பர் பேண்ட் வேண்டாம், ஓரம் வளையும். காகிதப் பட்டை போதும்.

? சாரல் மாதங்களில் கட்டைகளின் ஸ்டிக்கர் உரிகிறது. வெயிலில் காய வைக்கலாமா? — வாசகர், குற்றாலம்

கூடாது, சூட்டில் ஸ்டிக்கர் சுருண்டு இன்னும் எழும்பும். பெரும்பாலும் மரத்தூளைத் துடைக்காமல் ஒட்டியதுதான் காரணம். உரிந்ததை எடுத்து, கட்டையை உலர்ந்த துணியால் துடைத்து, துளி வெள்ளைப் பசை தடவி, ஓர் இரவு கனமான புத்தகத்தின் கீழ் வையுங்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள். அட்டைகளுக்கு பிளாஸ்டிக் உறை அவசியம். ஈரக்கையில் ஒட்டும் அட்டை கலைக்கும்போது ஜோடியாகவே வரும்.

? வாட்டர்லூவில் ஆங்கிலேயர் பக்கத் தளபதியான வெலிங்டனுக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பு உண்டா? — வாசகர், கொழிஞ்சாம்பாறை

உண்டு. அப்போது அவர் ஆர்தர் வெல்லெஸ்லி. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்தார், பிறகு வயநாட்டில் பழசிராஜாவுக்கு எதிரான நடவடிக்கைகளிலும். 1803 செப்டம்பர் 23 அசாயிப் போரில் அவர் பக்கம் மதராஸ் சிப்பாய்ப் பட்டாளங்களும் நின்றன.