வலிப்பு உள்ள பிள்ளைக்குக் காணொளியில் மதிப்பீடு: கேள்வி பதில்

கொரோனா காலத்தில், 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும், இங்கே கோலாலம்பூரில் வலிப்பு உள்ள பல பிள்ளைகளின் நினைவாற்றல், கவனம், மொழித்திறன் மதிப்பீடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. நான் இந்த மதிப்பீட்டைச் செய்பவள். அப்போது பெற்றோர் கேட்டவற்றுக்கு நான் தந்த பதில்கள் இவை.

கே (செந்தூல், ஓர் அம்மா): மகனுக்கு 9 வயது. வீடியோவில் செய்யலாம் என்கிறார்கள். நேரில் செய்வது போல இருக்குமா?

ப: பாதி இருக்கும் அம்மா. கேட்டுப் பதில் சொல்லும் பகுதிகளான சொற்பொருள், எண்களைத் திருப்பிச் சொல்வது, கதையை நினைவில் வைத்துச் சொல்வது ஆகியவை திரையில் நன்றாகவே வரும். கட்டைகளை அடுக்குவதும், பென்சிலால் வேகமாகக் குறியீடு எழுதுவதும் அப்படியில்லை. பிள்ளைகளின் அறிவுத்திறனை அளக்கும் வெக்ஸ்லர் சோதனையின் அளவுகோல், எதிரில் உட்கார்ந்து செய்த பிள்ளைகளை வைத்து வந்தது. அதனால் காணொளியில் பார்த்துவிட்டு ஒரே ஐக்யூ எண்ணை நான் எழுதித் தருவதில்லை. எது நன்றாக இருக்கிறது, எது தடுமாறுகிறது என்று எழுதுவேன். பள்ளிக்கும் அதுதான் உதவும்.

கே (கெப்போங், ஓர் அப்பா): வீடியோ அழைப்பில் மகள் சில நொடி அப்படியே நின்றுவிடுகிறாள். நெட்டா, வலிப்பா?

ப: நல்ல கேள்வி ஐயா. எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான். வெறித்துப் பார்த்து நின்றுவிடும் வலிப்பு பெரும்பாலும் 10 நொடி அளவில் முடிந்துவிடும். திரையில் அது படம் நின்றது போலவே தெரியும். அதனால் நீங்கள் அவள் பார்வையில் படாமல், ஆனால் அவள் முகம் தெரியும்படி பக்கவாட்டில் உட்காருங்கள். அவள் நின்றால் நேரத்தைக் குறியுங்கள். அந்த நொடிகளில் கேட்ட கேள்வியைத் 'தெரியவில்லை' என்று கணக்கில் எடுத்தால், இல்லாத மறதியை அவள் மேல் ஏற்றியதாகிவிடும்.

தொடங்குமுன் வீட்டு முகவரியையும் இன்னொரு தொலைபேசி எண்ணையும் வாங்கி வைப்பேன். உடல் உதறும் வலிப்பு வந்தால் சோதனை அன்றோடு முடிந்தது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவியும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் அவசர எண் 999-ஐ அழையுங்கள். வலிப்புக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு ஒரு நாள் வரைகூட மூளை மந்தமாக இருக்கும், அதனால் வேறு நாள் வைத்துக்கொள்ளலாம்.

கே (பத்துமலை, ஒரு பாட்டி): பேரன் தமிழ்ப்பள்ளி. அவனுக்கு இங்கிலீஷ் தடுமாறும். நான் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லட்டுமா?

ப: வேண்டாம் பாட்டி. சொல்லித் தந்தால் அவன் திறனா உங்கள் உதவியா என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். சோதனையில் கேட்கும் சொற்பட்டியலை மொழிபெயர்த்தால் அதன் கடினமும் மாறிவிடும். அவன் வீட்டில் எதைப் பேசுகிறான், பள்ளியில் மலாய் எப்படி என்று முதலில் எனக்குச் சொல்லுங்கள். ஆங்கிலச் சோதனையின் அளவுகோல் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை வைத்து உருவானதல்ல. அதில் மதிப்பெண் குறைந்தால் அது மூளையின் குறை என்று எழுத நான் ஒப்பமாட்டேன்.

கே: சோதனை அன்று மருந்தை நிறுத்தலாமா?

ப: கூடவே கூடாது. மருந்தின் பெயரையும் அளவையும் மட்டும் சொல்லுங்கள். டோபிராமேட் எடுக்கும் பிள்ளைக்குச் சொல் தேடுவது மெதுவாகலாம்; லெவெட்டிராசெட்டாம் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். அப்புறம், முதல் நாள் இரவு நன்றாகத் தூங்க வையுங்கள்.

கே (பிரிக்பீல்ட்ஸ், ஓர் அம்மா): மகளுக்கு அறுவை சிகிச்சை பேசுகிறார்கள். காணொளி மதிப்பீடு போதுமா?

ப: இதற்கு மட்டும் நேரில்தான் அம்மா. மூளையின் இடப்பக்கப் பொட்டு மடலில் (காதுக்கு அருகே உள்ள பகுதி) கை வைக்கும் முன், சொல் நினைவு எவ்வளவு இருக்கிறது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அதை வைத்துத்தான். ஆனால் காத்திருக்கும் நாள்களை வீணாக்க வேண்டாம். பிறந்ததிலிருந்து வளர்ச்சி, வலிப்பின் வரலாறு, பள்ளி அறிக்கை எல்லாவற்றையும் இப்போதே காணொளியில் பேசி முடித்துவிடலாம். நேரில் கேட்கப்போகும் சொற்பட்டியலை மட்டும் இப்போது காட்டமாட்டேன். பழகிவிட்டால் நேரில் செய்யும்போது மதிப்பெண் பொய்யாக ஏறும்.