ரீச்சரிடம் கேளுங்கள்

கேள்வி: தேசிய வாசிப்பு மாதக் கட்டுரைப் போட்டிக்கு 'ஊரோடு சேர்ந்து வாசிப்போம்' என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். எப்படித் தொடங்கலாம், ரீச்சர்?
– தரம் 10 மாணவி, உப்புவெளி

பதில்: பொன்மொழியோடு தொடங்காதே, பிள்ளை. ஒக்டோபர் வந்தால் முக்கால்வாசிக் கட்டுரை அப்படித்தான் வருகிறது. கண்ணால் கண்டதை எழுது. நான் சின்னவளாக இருந்தபோது திருக்கடலூர் வாசிகசாலைக்கு ஒரேயொரு பத்திரிகைதான் வரும். கரைவலை இழுத்துவிட்டு வருகிறவர்கள் சுற்றி உட்கார, நான் உரத்து வாசிப்பேன். எழுத்துத் தெரியாத ஒரு பெரியவர், செதில் ஒட்டிய விரலைப் படத்தின்மேல் வைத்து, "இதை இன்னொருக்கா வாசி, மகள்" என்பார். அந்த இடத்தில் தாள் ஈரமாகிவிடும். சரி, இன்றைக்குப் பின்னேரமே அம்மம்மாவுக்கு ஒரு கதை வாசித்துக் காட்டு. புத்தகம் இல்லையென்றால் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய சஞ்சிகைகள் இலவசமாகக் கிடைக்கும். அவர் எங்கே குறுக்கிட்டுக் கேட்கிறாரோ, கட்டுரையை அங்கே தொடங்கு.