நைட்ரஜனா, இலவசக் காற்றா? – டூ வீலர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் பல்சர் 150 இருக்கிறது. பெட்ரோல் போடப் போனால், “நைட்ரஜன் பிடிங்க சார், டயர் சூடாகாது, பஞ்சர் ஆகாது, காத்தே இறங்காது, விமானத்துக்கே இதுதான்” என்கிறார்கள். டயருக்கு 20 ரூபாய். பக்கத்திலேயே சாதாரணக் காற்று இலவசம். எதைப் பிடிக்கலாம்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இலவசக் காற்றையே பிடியுங்கள், ஆனால் வாராவாரம் பிடியுங்கள்.

நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், ஆக்சிஜன் 21 சதவீதம். பங்க்கில் இருக்கிற மெஷினும் இதே காற்றை உள்ளே இழுத்து, ஆக்சிஜனில் பெரும்பகுதியையும் ஈரத்தையும் பிரித்துத் தள்ளிவிட்டு மிச்சத்தைத்தான் உங்களுக்குத் தருகிறது. அந்த 78ஐ 95 பக்கம் கொண்டுபோவதற்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். அதுவும் முழுசாகக் கிடைப்பதில்லை. 25 பிஎஸ்ஐ (டயரின் காற்றழுத்தத்தைச் சொல்லும் அளவு) இருக்கிற டயரில் நைட்ரஜனை 29 வரை ஏற்றினால், உள்ளே 78ஆக இருந்தது 80 சதவீதம் ஆகும், அவ்வளவுதான். இருந்த காற்றையெல்லாம் இறக்கிவிட்டு முதலிலிருந்து நிரப்பினாலும் டயருக்குள் தங்கிவிட்ட காற்று கலந்து 90ஐத் தாண்டாது. இரண்டு மூன்று தடவை நிரப்பி நிரப்பி இறக்கினால்தான் சுத்தமாகும், பைக்குக்கு அப்படி யாரும் மெனக்கெட்டு நான் பார்த்ததில்லை.

காற்று இறங்காது என்பதில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ரப்பர் வழியாக ஆக்சிஜன் சீக்கிரம் கசியும், நைட்ரஜன் மெதுவாகக் கசியும். அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 31 வகை கார் டயர்களை 30 பிஎஸ்ஐக்கு நிரப்பி, ஒரு வருடம் வெளியில் போட்டு வைத்துப் பார்த்தது. சாதாரணக் காற்று சராசரியாக 3.5 பிஎஸ்ஐ இறங்கியிருந்தது, நைட்ரஜன் 2.2. வருடம் முழுக்கச் சேர்த்து வித்தியாசம் 1.3 பிஎஸ்ஐதான். நம் பைக்கில் காற்று இறங்குவது பெரும்பாலும் வால்விலும், ரிம் ஓரத்திலும், கண்ணுக்குத் தெரியாத சின்ன ஆணியிலும். ஓட்டை என்று வந்துவிட்டால் எந்த வாயுவாக இருந்தாலும் வெளியே போய்விடும், அப்புறம் பஞ்சர் எப்படி ஆகாமல் இருக்கும்?

டயர் சூடாவது, ஓடும்போது அது நசுங்கி நசுங்கி நிமிர்வதால். காற்று குறைவாக இருந்தால் அதிகம் நசுங்கும், அதிகம் சூடாகும், உள்ளே நைட்ரஜன் இருந்தாலும் இதே கதைதான். பத்து டிகிரி சூடு ஏறினால் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். நைட்ரஜனில் ஈரம் இருக்காது என்பது நல்ல விஷயம்தான், ஆனால் அதற்கு நல்ல கம்ப்ரஸரே போதும். காற்றுக்குழாயை உள்ளங்கையில் வைத்து ஒரு நொடி அழுத்திப் பாருங்கள், கை நனைந்தால் அந்த இடத்தில் பிடிக்காதீர்கள்.

விமானத்தின் கதை வேறு. 1986 மார்ச் 31ல் மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727 ஒன்றில், நைட்ரஜனுக்குப் பதில் சாதாரணக் காற்று அடைத்திருந்த டயர் பிரேக் சூட்டில் வெடித்து, விமானம் விழுந்து 167 பேரும் இறந்தார்கள். அதற்கு அடுத்த வருடம்தான் அமெரிக்காவில் பெரிய பயணிகள் விமானங்களின் டயருக்கு நைட்ரஜனைக் கட்டாயமாக்கினார்கள். விமானத்தின் பிரேக்கில் கிளம்புகிற சூடு உங்கள் பல்சரில் ஒருநாளும் வராது.

இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. என் அக்கா மகன் நைட்ரஜன் பிடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் மூன்று மாதம் டயர் பக்கமே போகவில்லை. அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு தினமும் பைபாஸில்தான் போய்வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் காற்றழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தால் பின் டயரில் 17தான் இருந்தது. வால்வு கசிந்திருக்கிறது. அன்றைக்குப் பார்க்காமல் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தாலே இப்போதும் பதறுகிறது. அந்த 20 ரூபாயைச் சேர்த்து வைத்து ஒரு கேஜ் வாங்குங்கள். உங்கள் வண்டிக்கு முன்னால் 25, பின்னால் தனியாகப் போனால் 28, ஆள் ஏற்றினால் 32.

கேள்வி: ஏற்கெனவே நைட்ரஜன் பிடித்துவிட்டேன். வெளியூரில் அது கிடைக்காவிட்டால் சாதாரணக் காற்று ஏற்றலாமா?
– வாசகி, கரூர்

பதில்: தாராளமாக. இரண்டும் கலந்தால் எதுவும் ஆகாது. நைட்ரஜன் கிடைக்கும் வரை குறைந்த காற்றோடு ஓட்டுவதுதான் ஆபத்து.

கேள்வி: காலையில் 28 இருந்த டயர், சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் 31 காட்டுகிறது. கேஜ் கெட்டுவிட்டதா?
– வாசகர், ஆவடி

பதில்: கேஜ் சரியாகத்தான் இருக்கிறது, டயர் சூடாக இருக்கிறது. கம்பெனி கொடுக்கிற அளவெல்லாம் குளிர்ந்த டயருக்கு. வண்டி குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, முடிந்தால் காலையில் கிளம்பும் முன் பாருங்கள். 31 காட்டுகிறதே என்று மூன்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் 25தான் இருக்கும், இறக்காதீர்கள்.