மோட்டார்ப் படகுக்கு எந்த ப்ளைவுட்?

கேள்வி: ஏரியில் இரண்டு மூன்று பேர் செல்வதற்காக, 4 மீட்டர் நீளத்தில், 15 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் பொருத்தக்கூடிய தட்டையடிப் படகு ஒன்றை வீட்டிலேயே கட்ட விரும்புகிறேன். வாங்கிய வரைபடம், அடிப்பகுதிக்கு 9 மி.மீ., பக்கங்களுக்கு 6 மி.மீ. மரைன் ப்ளைவுட் வேண்டும் என்கிறது. அதற்குப் பதிலாக, தண்ணீர் தாங்கும் சாதாரண ப்ளைவுட்டை 12 மி.மீ. தடிமனில் வாங்கி, மேலே பாலியஸ்டர் பிசினும் ஃபைபர்கிளாஸ் மேட்டும் (நெய்யாத கண்ணாடியிழை விரிப்பு) போட்டால் கூடுதல் பலமும் குறைந்த செலவும் கிடைக்காதா?

பதில்: செலவு குறையலாம், ஆனால் நீங்கள் நினைக்கும் பலம் கிடைக்காது. இத்தகைய படகு வேகமெடுக்கும்போது தண்ணீரைப் பிளந்துகொண்டு போவதில்லை; மேலெழும்பி நீர்ப்பரப்பின் மீது சறுக்கிச் செல்கிறது. அப்படி எழும்ப முடியுமா என்பதைத் தீர்மானிப்பது எடைதான். மரைன் ப்ளைவுட்டில் பெரிதும் பயன்படும் ஒகூமே மரம் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 450 கிலோ இருக்கும் என்பதால், 2440க்கு 1220 மி.மீ. அளவுள்ள 9 மி.மீ. ஷீட் ஒன்று 12 கிலோ அளவில் இருக்கும். கனமான மரத்தில் செய்த 12 மி.மீ. ஷீட்டோ 23 கிலோவைத் தொட்டுவிடும். ஐந்து ஷீட்டுக்குக் கணக்கிட்டால் 55 கிலோவுக்குக் குறையாத வித்தியாசம். அதாவது, கரையில் ஒருபோதும் இறங்காத ஒரு பயணியை நிரந்தரமாக ஏற்றிக்கொள்கிறீர்கள். மேலும், பலகையின் விறைப்பு தடிமனின் கன அளவில் (தடிமன் × தடிமன் × தடிமன்) உயர்வதால், 6 மி.மீ. கேட்ட இடத்தில் 12 மி.மீ. வைத்தால் அதை வளைக்க எட்டு மடங்கு விசை வேண்டும். முன்பக்க வளைவில் அது வளைவதற்கு முன் பிளந்துவிடவே வாய்ப்பு அதிகம். அடிப்பகுதி விறைப்பாக இருக்க வேண்டும் என்றால், தடிமனைக் கூட்டாமல் உட்புறம் நீளவாக்கில் மரச்சட்டங்களை ஒட்டுங்கள். அவை பின்பகுதி அடியை நேர்கோட்டில் வைத்திருக்கவும் உதவும். அங்கே உட்குழிவு இருந்தால் ஓட்டத்தில் படகின் மூக்கு அழுந்தும், வெளிப்புடைப்பு இருந்தால் மூக்கு தொடர்ந்து எழுந்து எழுந்து விழும்.

மரைன் ப்ளைவுட் என்றால் பசைதான் வேறு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், வெளிப்புறப் பயன்பாட்டுக்கான நல்ல ப்ளைவுட்டிலும் பெரும்பாலும் அதே ஃபீனாலிக் பசைதான் இருக்கிறது. வேறுபாடு உள்ளே இருக்கும் மெல்லேடுகளில் உள்ளது: மரைன் ப்ளைவுட்டுக்கான பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தரநிலை போன்றவை உள்ளேடுகளிலும் வெற்றிடங்களை அனுமதிப்பதில் மிகக் கண்டிப்பானவை. உள்ளே ஒளிந்திருக்கும் வெற்றிடம் வளைக்கும்போது பலகை முறியும் இடமாகவும், பிறகு தண்ணீர் தங்கும் இடமாகவும் ஆகிறது. எனினும், பலகையில் தரநிலை முத்திரை இருப்பதாலேயே பலகை மக்காது என்று பொருளில்லை. ஒகூமே இலகுவானது, எளிதில் வளைவது, ஆனால் மக்கலை எதிர்க்கும் ஆற்றல் குறைந்தது. மரைன் ப்ளைவுட்டுக்குப் பயன்படும் மற்றொரு மரமான மெராண்டி கனமானது, சற்றே நீடிப்பது. ஒகூமேயை நான் தேர்வு செய்வேன், எப்பாக்ஸி (இரு பாகங்களைக் கலந்து இறுகவைக்கும் பிசின்) பூச்சில் ஒரு குறையும் வைக்காமல் இருப்பதாக இருந்தால் மட்டும்.

முத்திரையை நம்புவதைவிட வெட்டுவிளிம்பைப் பாருங்கள். 6 மி.மீ. பலகையில் மூன்று ஏடுகளைவிட ஐந்து ஏடுகள் இருப்பது நல்லது. காகிதம் போன்ற மேலேடுகளும் தடித்த நடுவேடும் கொண்ட பலகை ஒரு திசையில்தான் விறைப்பாக இருக்கும். பிறகு ஒரு சிறு துண்டைச் சில மணி நேரம் கொதிக்க வைத்து, நன்கு உலர்த்தி, மறுபடியும் கொதிக்க வைத்து, உளியால் நெம்பிப் பாருங்கள்: மரநார் கிழிய வேண்டும், பசைக்கோடு பிரியக்கூடாது. இதில் தேறும் சாதாரண ப்ளைவுட்டை இருக்கைகளுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அடிப்பகுதியிலும், மோட்டார் மாட்டும் பின்பலகையிலும் வேண்டாம்.

பாலியஸ்டர் பிசினைப் பொறுத்தவரை என் பதில் இன்னும் உறுதியானது. அது மரத்தை இறுகப் பற்றுவதில்லை. ஈரத்தில் மரம் உப்பிச் சுருங்கும்போது விளிம்பில் தூக்கிக்கொண்டு, உள்ளே புகுந்த நீரை வெளியேற விடாமல் அடைத்து வைக்கிறது. எப்பாக்ஸியே வேண்டும். ஆனால் எப்பாக்ஸியுடன் மேட் வாங்காதீர்கள்: மேட்டின் இழைகளைப் பிணைத்திருக்கும் பொருள் பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்கானது, எப்பாக்ஸியில் அது இளகாது. சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவிலான நெய்த துணி பரப்புக்குப் போதும். மூட்டுகளுக்கு, இழைகள் 45 பாகையில் குறுக்காக ஓடும் நாடா. மூட்டின் உள்மூலையை மரத்தூள் கலந்த எப்பாக்ஸியால் நிரப்புங்கள். இலேசான நுண்குமிழ்த் தூள் மேற்பூச்சைச் சமன்செய்ய மட்டுமே, எடை தாங்கும் மூட்டுக்கு ஆகாது. இறுகிய எப்பாக்ஸியின் மேல் மெழுகு போன்ற படலம் தோன்றினால், உப்புத்தாள் போடுவதற்கு முன் தண்ணீரால் கழுவ வேண்டும். கையுறை இன்றித் தொடாதீர்கள்; ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு போவதில்லை. வெயில் எப்பாக்ஸியைச் சிதைக்கும் என்பதால் மேலே பெயின்ட் கட்டாயம்.

படகு அழுகத் தொடங்குவது பரப்பில் அல்ல, விளிம்பிலும் துளையிலும்தான். நன்னீரில் இந்த ஆபத்து கடல்நீரைவிட அதிகம், ஏனெனில் உப்பு பூஞ்சையைத் தடுக்கிறது. நான் கட்டிய முதல் படகில், பின்பலகையின் வடிகால் துளையை அவசரத்தில் வெறும் பெயின்டால் மூடிவிட்டேன். துளையைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குப் பலகை பஞ்சாகிவிட்டதைப் பின்னர்தான் கண்டேன். எனவே மோட்டார் போல்ட், வடிகால், கொக்கி என எதற்காகத் துளையிட்டாலும், தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, கெட்டியான எப்பாக்ஸியால் அடைத்து, அது இறுகியபின் சரியான அளவில் மீண்டும் துளையிடுங்கள். பின்பலகையை 18 மி.மீ. பலகை இரண்டை ஒட்டி அமைக்கலாம். அதன் உயரத்தை முடிவு செய்யும் முன் உங்கள் மோட்டாரின் தண்டு நீளம் 15 அங்குல வகையா, 20 அங்குல வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நீருக்குள் இருக்கும் திருகாணிகளுக்கு சிலிக்கான் வெண்கலம் ஏற்றது. காற்றுப்படாத ஈரத்தில் துருப்பிடிக்கா எஃகும் அரிக்கப்படும், பித்தளையோ துத்தநாகத்தை இழந்து நொறுங்கும். இருக்கைகளுக்கடியில் மூடிய கண்ணறை (நீர் புகாத சிறு அறைகள் கொண்ட) நுரைப்பலகை வையுங்கள். மரம் தானே மிதக்கும், மோட்டார் மிதக்காது.

ஷீட் வாங்கும் நாளில் ஒன்றை எடை போட்டுப் பாருங்கள். முழு அளவு 9 மி.மீ. ஒகூமே என்று விற்கப்படுவது 12 கிலோவுக்கு அருகில் இருக்க வேண்டும், மெராண்டி 16 கிலோவுக்கு அருகில். தராசு 20 காட்டினால், முத்திரையில் என்ன எழுதியிருந்தாலும் அது வேறு மரம்.