அப்பா கதவைச் சாத்திக்கொள்கிறார்

அன்புள்ள அம்மா,

மலேசியாவில் பாகான் செராய் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 51 வயது, கல்யாணம் ஆகவில்லை. செம்பனை ஆலையில் கிராணியாக இருந்தேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டேன். அவருக்கு 79. முப்பது வருஷத்துக்கு மேல் பால் மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். நுரையீரலில் புற்றுநோய். இனி மருந்து வேண்டாம் என்று அவரே முடிவு செய்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஈஸ்டரிலிருந்து பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன பழக்கத்தில் விடியக்காலை நாலு மணிக்கே எழுந்து, பால் பிடிக்கும் பழைய மங்கு ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் மெழுகுவத்தி ஏற்றி ஜெபமாலை சொல்கிறார். கஞ்சியோடு போய்த் தட்டினால், "வச்சிட்டுப் போம்மா" என்பார். கஞ்சி ஆறிப்போகும். அண்ணன் கோலாலம்பூரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வதோடு சரி. "அப்பா வனத்து அந்தோணியார் மாதிரி ஆயிட்டாரு, விடு" என்கிறார். அவருக்குச் சொல்வது சுலபம். துடைப்பதும் துவைப்பதும் நான், வேலையை விட்டதும் நான். கதவு மட்டும் எனக்குச் சாத்தியிருக்கிறது.

பங்குச் சாமியாரைக் கூப்பிடலாமா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைபூசுதல் என்றால் அப்பா பயந்துவிடுவார், வேண்டாம் என்றேன். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில்கூட ஒரு நாள் பெட்டியிலிருந்து வெள்ளை முழுக்கைச் சட்டையை எடுத்தார். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போட்டுக்கொண்டு போவது. "பித்தான் ஒண்ணு இல்ல, தச்சு வை. எனக்கு இதத்தான் போடணும்" என்றார். இதெல்லாம் என்ன பேச்சு என்று அதட்டி, சட்டையைப் பிடுங்கி உள்ளே வைத்தேன். சரி, அதை விடுங்கள்.

பெற்ற மகளை வெளியே நிறுத்திவிட்டு ஜெபம் செய்வது சரியா அம்மா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

*

அன்புத் தங்கைக்கு,

அதை விடுங்கள் என்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை.

உங்கள் அண்ணன் வந்து நாலு நாள் தங்க வேண்டும். கேட்காமல் வர மாட்டார், கேளுங்கள். அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் பேச நினைப்பது அந்தச் சட்டையைப் பற்றி.

தவக்காலத்தில் சட்டை, ஈஸ்டரிலிருந்து கதவு. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சேர்த்துப் பார்க்கவில்லை. அப்பா தன் சாவைப் பற்றி உங்களோடு பேச வந்தார். மரம் சீவிய மனுஷருக்கு நீட்டி முழக்கத் தெரியாது. பித்தான் தைக்கச் சொன்னதுதான் அவருடைய பேச்சு. நீங்கள் அதட்டினீர்கள். அந்த வீட்டில் முதலில் சாத்தப்பட்ட கதவு அதுதான் தங்கை. உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

அப்பா பயந்துவிடுவார் என்கிறீர்களே, மருந்தை நிறுத்திவிட்டுப் போட வேண்டிய சட்டையையும் எடுத்து வைத்தவருக்கா பயம்? பயம் உங்களுக்கு. அதில் தப்பில்லை. ஆனால் அதை அவர் தலையில் கட்டாதீர்கள். 1963இலேயே கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், அவஸ்தைபூசுதல் என்பதைவிட நோயில்பூசுதல் என்ற பெயரே பொருத்தம், அது சாகக் கிடப்பவர்களுக்கு மட்டுமானதல்ல என்று சொல்லிவிட்டது. சாமியார் வரட்டுமா என்று அப்பாவிடமே கேளுங்கள்.

அண்ணன் சொன்ன வனத்து அந்தோணியாருக்கு வருகிறேன். பாலைவனத்தில் தனித்து வாழ்ந்தவர்தான். ஆனால் கடைசிப் பதினைந்து வருஷம், வயதாகிவிட்டதென்று இரண்டு சீடர்கள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். அவரை நேரில் அறிந்த ஆயர் அத்தனாசியார் எழுதி வைத்திருக்கிறார். கி.பி. 356இல் சாகும்போது அந்தோணியார் அந்த இருவரிடம் பேசியதில் உடுப்புகளும் உண்டு. ஆட்டுத்தோல்களும் மேலங்கியும் யார் யாருக்கு, தன் மயிராடை யாருக்கு என்றெல்லாம் சொன்னார். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

கதவைச் சாத்தி ஜெபிக்கச் சொன்னவர் இயேசுவேதான். அதனால் அந்த நாலு மணி அப்பாவுக்கும் ஆண்டவருக்கும் உரியது, அதில் நுழையாதீர்கள். ஆனால் சாவதற்கு முந்தின இரவு கெத்சமனித் தோட்டத்தில் ஜெபிக்கப் போனபோது அதே இயேசு பேதுருவையும் யாக்கோபையும் யோவானையும் கூட்டிக்கொண்டு போனார். விழித்திருங்கள் என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனார். எவ்வளவு தள்ளி? கல்லெறி தூரம் என்கிறார் லூக்கா. அப்புறம், ஜெபத்தின் நடுவே எழுந்து எழுந்து வந்து அவர்களைப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். இந்த இடத்தை என்னால் ஒருபோதும் சட்டென்று தாண்டிப் போக முடிந்ததில்லை.

கஞ்சியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழாதீர்கள். கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காருங்கள். ஜெபமாலையில் "இப்பொழுதும் எங்கள் மரண வேளையிலும்" என்று அவர் சொல்வது உங்கள் காதில் விழும். நீங்கள் மெதுவாக "ஆமென்" சொன்னால் அவர் காதிலும் விழும்.

அதற்கு முன்னால் சட்டையை வெளியே எடுத்துப் பித்தானைத் தைத்து, இஸ்திரி போடுங்கள். கஞ்சி இல்லாமல் சட்டையோடு மட்டும் போய்த் தட்டுங்கள். "அப்பா, பித்தான் தச்சிட்டேன். சரியா இருக்கா பாருங்க" என்று சொன்னால் போதும்.