இருபது மாதக் கவிதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப்போரில் போரிட்ட ஆங்கிலக் கவிஞர் வில்ஃபிரட் ஓவனின் கவிதைகளை வாசித்துவருகிறேன். போரை இவ்வளவு வெறுத்தவர், போர் அதிர்ச்சியிலிருந்து குணமானதும் ஏன் மறுபடி போர்முனைக்குப் போனார்? பதக்கம் வேறு வாங்கியிருக்கிறார். இது முரண் இல்லையா? அவருடைய நண்பரும் போர்க் கவிஞருமான சசூன் இல்லாவிட்டால் ஓவன் இல்லை என்கிறார்கள். ஐரிஷ் கவிஞர் ஏட்ஸ் தான் தொகுத்த நவீனக் கவிதைத் தொகுப்பில் ஓவனைச் சேர்க்கவே இல்லையாமே? எனக்கு அவரிடம் பிடித்தது, குண்டு விழும்போதே பதுங்குகுழியில் உட்கார்ந்து எழுதிய அந்த உண்மைதான். நானும் தொலைக்காட்சியில் போர்க்காட்சிகளைப் பார்த்த இரவிலேயே ஒரே மூச்சில் சில கவிதைகள் எழுதினேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. மாற்றினால் பொய்யாகிவிடும். இணைத்திருக்கிறேன், படித்துச் சொல்லுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

அந்தக் காட்சிகளைப் பார்த்துவிட்டு உங்களால் தூங்க முடியவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. சேனலை மாற்றிவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் நடுவே அது பெரிய விஷயம். ஆனால் ‘ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை’ என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. ஓவனின் வரைவுத்தாள்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் உங்கள் கேள்வி. 1918 ஜூலையில் சசூன் தலையில் குண்டடிபட்டு ஊர் திரும்பினார். ஆகஸ்ட் கடைசியில் ஓவன் பிரான்ஸுக்குப் போனார். இந்தப் பையன்களை ஓர் அதிகாரியாக வழிநடத்தவும், அவர்கள் படும் பாட்டைப் பார்த்து அவர்களுக்காக வாதாடவும் வந்திருக்கிறேன் என்று அம்மாவுக்கு எழுதினார். அக்டோபர் தொடக்கத்தில் ழோன்கூர் அருகே நடந்த சண்டைக்காக மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் கிடைத்தது. கைப்பற்றிய ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கியைத் தானே இயக்கி எதிரிக்குக் கணிசமான இழப்பை உண்டாக்கினார் என்பது பதக்கக் குறிப்பின் வாசகம். பின்னாளில் அவருடைய கடிதங்கள் தொகுதியாக அச்சானபோது அது ‘பலரைச் சிறைப்பிடித்தார்’ என்று மென்மையாக்கப்பட்டிருந்தது. ஓவனோ சுமார் 30 கெஜத்தில் நின்ற ஒருவனைக் கைத்துப்பாக்கியால் சுட்டதை அம்மாவிடமே சொன்னவர். முரண் இருக்கிறது, அதை அவர் ஒளிக்கவில்லை. நவம்பர் 4 அன்று ஓர்ஸ் கிராமத்தருகே கால்வாயைக் கடக்கும் முயற்சியில் இறந்தார். வயது 25.

1936 தொகுப்பில் ஏட்ஸ் அவரை விட்டது ஏட்ஸின் ரசனைக் கோளாறு. சசூன் விவகாரம் பட்டிமன்றக்காரர்களுக்கானது. இரண்டையும் விடுங்கள்.

பதுங்குகுழிக்கு வருவோம். 1917 ஜனவரி, பிரான்ஸின் சொம் பகுதி. ஓவன் முன்னணிக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. இரு தரப்புக்கும் நடுவே கிடந்த வெற்றுநிலத்தில் ஒரு குழியைப் பிடித்து வைத்திருக்கும்படி உத்தரவு. ஜெர்மானியர் தோண்டிய பழைய குழி அது. எங்கே இருக்கிறதென்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும், ஆகவே குண்டுகள் குறிதப்பாமல் வந்தன. உள்ளே 25 பேர் நெருக்கியடித்து நின்றார்கள். தண்ணீர் ஓரடி முதல் இரண்டடி வரை. அதற்கு மேல் மூச்சுவிட நாலடி இடைவெளி. இரண்டு வாசல்களில் ஒன்று இடிந்து அடைந்துவிட்டது. இப்படி 50 மணி நேரம். வெளியே நின்றால் செத்துவிடுவார்கள் என்று காவல் சிப்பாய்களைப் படிக்கட்டின் பாதியில் நிறுத்தினார். அப்படியும் ஒரு பையன் வெடிப்பில் தூக்கியெறியப்பட்டுக் கீழே வந்து விழுந்தான். ஜனவரி 16 கடிதத்தில் அம்மாவுக்கு எழுதியது இவ்வளவுதான்: அவனுக்குக் கண் போய்விட்டதென்று அஞ்சுகிறேன்.

நீங்கள் கொண்டாடும் ‘உடனடி உண்மை’ அந்த ஒரு வரிதான். அடுத்த மாதம் அவர் எழுதிய சானெட்டின் (பதினான்கு வரிக் கவிதை) பெயர் என்ன தெரியுமா? ‘மகிழ்ச்சி’. சிறுவயதில் அம்மா தந்த சந்தோஷம் இனி திரும்பாது என்பது அதன் விஷயம். குழியும் இல்லை, அந்தப் பையனும் இல்லை.

பிறகு ஏப்ரலில் ஒரு ஷெல் அவரைத் தூக்கி வீசியது. கை நடுங்கி, நினைவு குழம்பி, ஜூன் மாதம் எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். அங்கே டாக்டர் ஆர்தர் ப்ராக் நோயாளிகளைச் சும்மா படுக்கவிடுகிறவர் அல்ல, வேலையே மருந்து என்பது அவர் வைத்தியம். ஓவனை மருத்துவமனை இதழான ‘ஹைட்ரா’வுக்கு ஆசிரியராக்கினார், பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்க வைத்தார், தலைப்புக் கொடுத்துக் கவிதை எழுதச் சொன்னார். ஆமாம், தலைப்புக் கொடுத்து! உங்களுக்கு அது கேவலமாகத் தோன்றலாம். ‘காவல் சிப்பாய்’ கவிதை தொடங்கியது அந்த மருத்துவமனையில்தான். முடிந்தது 1918 செப்டம்பரில், பிரான்ஸில். போர்முனைக்குத் திரும்பியபின் முடித்தார் என்று உடனே மடக்க வராதீர்கள். முடித்தது 20 மாதத்துக்கு முந்தைய ஒரு சம்பவத்தை.

அந்த 20 மாதத்தில் என்ன சேர்ந்தது என்று பாருங்கள். குண்டு வாசலில் வெடித்ததும் முதலில் அணைவது மெழுகுவத்திகள். பையன் தொம் தொம்மென்று படிகளில் உருண்டு தண்ணீரில் விழுகிறான். பின்னாலேயே அவன் துப்பாக்கி, பழைய கைக்குண்டுகளின் பிடிகள், சேறு. செத்துவிட்டான் என்று நினைத்துத்தான் வெளியே இழுக்கிறார்கள். கண் தெரியவில்லை சார் என்று முனகுகிறான். அதிகாரி ஒரு தீச்சுடரை அவன் இமையருகே பிடித்து, மங்கலாக ஏதாவது தெரிந்தால் பார்வை போகவில்லை என்று தேற்றுகிறார். தெரியவில்லை என்று அழுகிறான். கணவாய் மீனின் கண்போலப் பிதுங்கிய விழிகள். கடைசியில் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து அவன் கத்துகிறான்: உங்கள் விளக்குகள் தெரிகின்றன! அவையோ அணைந்து வெகுநேரமாகிவிட்டது. தொடக்கத்தில் மெழுகுவத்தியை அணைத்து வைத்தது எதற்காக என்று இங்கேதான் புரிகிறது.

இன்னும் முக்கியமான ஒன்று நடுவில் இருக்கிறது. அந்த விழிகள் இன்றும் என் கனவுகளைப் பார்க்கின்றன என்று சொன்ன மூச்சிலேயே, ஆனால் அங்கே நான் அவனை மறந்துபோனேன் என்கிறார். அடுத்த ஆளைக் காவலுக்கு நிறுத்த வேண்டும், ஸ்ட்ரெச்சருக்கு ஆள் அனுப்ப வேண்டும், மற்ற காவலிடங்களுக்கு ஓட வேண்டும். வேலை அவனை மறக்கடித்தது. இந்த வரியைக் குழிக்குள் உட்கார்ந்து எழுத முடியுமா, சொல்லுங்கள். மறந்துகொண்டிருப்பவனுக்குத் தான் மறந்தது தெரியாது. பல மாதம் கழித்து, கனவில் அந்தக் கண்கள் வந்து நின்றபின்தான் அது தெரியும். அந்தக் கவிதையில் ஆக உண்மையான வரி, தாமதத்தில் மட்டுமே கிடைக்கக்கூடிய வரி. மாற்றினால் பொய்யாகிவிடும் என்கிறீர்கள். மாற்றாமல் விட்டிருந்தால் ஓவனிடம் மிஞ்சியிருப்பது, அஞ்சுகிறேன் என்று முடியும் ஒரு கடித வரி.

மற்றவையும் இப்படித்தான். விஷவாயுத் தாக்குதலைப் பற்றிய கவிதையின் வரைவில், சாகிற சிப்பாயின் முகம் ஒருகாலத்தில் கிராமத்து ரோஜா மொட்டுபோல இருந்தது என்று வருகிறது. அழகான வரி. அடித்துவிட்டு, அந்த இடத்தில் புற்றுநோய்போல அருவருப்பான, களங்கமற்ற நாக்குகளின் ஆறாத புண்களை வைத்தார். ‘ஆந்தம்’ (சாக விதிக்கப்பட்ட இளைஞர்களுக்கான பாடல்) கவிதையின் வரைவில் முழங்குபவை ‘நம்’ பீரங்கிகள். முடிந்த வடிவில் அந்த ‘நம்’ இல்லை. ஒரு சொல் போனதும் அது இரு தரப்புப் பையன்களுக்கும் சேர்ந்த இரங்கல் ஆகிவிடுகிறது. தலைப்பில் ‘இறந்த’ என்றிருந்ததை ‘சாக விதிக்கப்பட்ட’ என்று மாற்றியது அதே தாளில் இருக்கும் சசூனின் கையெழுத்து. இவ்வளவு உழைத்தவருக்கு உயிரோடிருந்தபோது அச்சில் வந்தவை ஐந்தே கவிதைகள். நீங்கள் ஒரே இரவில் அதைத் தாண்டிவிட்டீர்களோ என்று கவலையாக இருக்கிறது.

1983இல் ஜான் ஸ்டால்வொர்தி பதிப்பித்த இரு தொகுதிகளில் வரைவுகள் அப்படியே இருக்கின்றன. விலை அதிகம், நூலகத்தில் தேடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முதல் உலகப்போர்க் கவிதைக் காப்பகத்தில் கைப்பிரதிகளின் படங்களை இலவசமாகவே பார்க்கலாம். ஜனவரி 16 கடிதத்தையும் ‘காவல் சிப்பாய்’ கவிதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது புதிதாகச் சேர்ந்தது, எது போனது என்று வரிவரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இணைப்பை நான் இன்னும் திறக்கவில்லை. ஆறு மாதம் கழித்து அந்தக் கவிதைகளில் ஒன்றை மட்டும், அடித்துத் திருத்திய தாள்களோடு அனுப்புங்கள். அடித்த வரிகளையும் சேர்த்துப் படிக்கிறேன்.